இரண்டாவது வால்வு

“வால்வு ரெண்டும் பாத்தாச்சா?” என்று ஹுமேரா கேட்டாள்.

“பாத்தாச்சுக்கா” என்றான் ஆசிப். எஞ்சினின் சின்னக் கதவு வழியாகக் கரியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தவில்லை.

ஹுமேரா நோட்டைத் திறந்து டிசம்பர் இருபத்தொன்பது என்று தேதி போட்டாள். ‘சேஃப்டி வால்வு இடது, வலது – சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். தன் கண்ணால் பார்க்காமல் அந்த வரியை அவள் எழுதியது அதுதான் முதல் தடவை. பின்னால் ஆறு பிள்ளைகள், முதல் பெட்டியில் யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஆசிப்பின் மகன் ஷேக் பரீத்தின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. ஒன்பது வயசு. ஐந்து வயசில் பார்த்த பிள்ளையை அவள் இப்போதுதான் மறுபடி பார்க்கிறாள். “மாமி! மாமி, இங்க வாங்க!” என்று அவன் கூப்பிட, நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

அது அவர்கள் வீட்டில் செய்த எஞ்சின். மேசை மேல் ஓடுகிற பொம்மை அல்ல. நாலரை அடி நீளம், தூக்க நான்கு ஆள் வேண்டும், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஐந்து அங்குலம். உள்ளே நிஜமான நெருப்பு எரிந்து, நிஜமான நீராவியில் ஓடும். பின்னால் மாட்டிய தாழ்ந்த பெட்டிகளில் குதிரை மேல் உட்காருகிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டுப் பெரியவர்களே உட்காரலாம்.

ஹுமேராவின் அத்தா அக்பர் அலிக்கு உக்கடத்துக்குப் பக்கத்தில் பித்தளை வால்வுகள் கடைகிற பட்டறை. ஹுமேரா ஏழு வயசாக இருந்தபோது, உடைந்த குடைக் கம்பிகளை வளைத்து மொட்டை மாடி அறையில் அவர் ஒரு வட்டத் தண்டவாளம் போட்டார். பால் டின்னை வெட்டி ஒரு எஞ்சின். அது நான்கு அடி ஓடிக் கவிழ்ந்தது. ஏன் கவிழ்ந்தது என்று கண்டுபிடிக்க அப்பாவும் இரண்டு பிள்ளைகளுமாக உட்கார்ந்ததுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு எத்தனையோ எஞ்சின்கள். ஹுமேரா சக்கரம் கடையக் கற்றுக்கொண்டாள். இரண்டு வயசு இளையவனான ஆசிப் படம் வரைவான். அம்மா ஜன்னத் பெட்டிகளுக்கு மெத்தை தைப்பாள், மூட்டுகளில் நீராவி கசியாமல் இருக்கப் பேக்கிங் வெட்டித் தருவாள். ஹுமேரா கல்யாணமாகிக் குனியமுத்தூர் போன பிறகும், ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டறைக்கு வந்துவிடுவாள். ஆசிப் ஷார்ஜா போய் அங்கிருந்து படங்களையும் அழுத்தம் காட்டுகிற பிரஷர் கேஜையும் அனுப்பினான். இந்தப் பெரிய எஞ்சினுக்குப் பதினோரு வருடம் ஆனது.

ஆனால் ஓட்ட இடம் கிடையாது. கிணற்று மோட்டாருக்கு வால்வு வாங்கப் பட்டறைக்கு வந்த செங்கோடன், கட்டை மேல் சக்கரம் சுழன்றுகொண்டிருந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க பாய், இத எங்க ஓட்டப்போறீங்க?” என்று கேட்டார்.

“அதுக்குத்தான் எடமில்லீங்க.”

“நம்ம தோப்புல போடுங்க. பாக்கு மரத்துக்கு என்ன, அதுபாட்டுக்கு நிக்கும்.”

அப்படித்தான் மேட்டுப்பாளையத்தில் செங்கோடனின் பாக்குத் தோப்புக்குள் இருநூற்றுச் சொச்சம் மீட்டருக்கு ஒரு சுற்றுத் தண்டவாளம் வந்தது. ஒரு பக்கம் தோப்பு வாய்க்காலை நோக்கிச் சரிந்து இருந்ததால், வாய்க்கால் மேல் ஒரு குட்டிப் பாலம். பாலத்தைத் தாண்டியதும் ஒரு வளைவு, அதன் பிறகு நாற்பது மீட்டர் ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில்தான் பிள்ளைகள் ஏறி இறங்குகிற ஸ்டேஷன்.

பாய்லரில் நீராவி அழுத்தம் எண்பது பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. போனால் மேலே இருக்கும் சேஃப்டி வால்வு தானாகத் தூக்கிப் புஸ்ஸென்று வெளியே விட்டுவிடும். அது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பக்கத்திலேயே இரண்டாவது வால்வு, எண்பத்தைந்தில் தூக்குகிற மாதிரி. ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் முதலில் இரண்டையும் தூக்க வைத்துப் பார்த்த பிறகுதான் ஆள் ஏற்ற வேண்டும். இது ஹுமேரா வைத்த சட்டம். அதனால் வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

அன்று பதினோரு மணிக்கு அக்பர் அலி ஓட்டுநர் பெட்டியில் உட்கார்ந்தார். எஞ்சினுக்கு ஒட்டினாற்போல் இருந்த அந்தப் பெட்டியில் அவர் முழங்காலுக்கும் நெருப்புக் கதவுக்கும் ஒன்றரை அடிதான். பின்னால் ஆறு பிள்ளைகள்: பரீத், செங்கோடனின் பேத்தி ரித்திகா, சொந்தக்காரப் பிள்ளைகள் நான்கு பேர். மரநிழலில் ஜன்னத்தும் ஆசிப்பின் மனைவி நிலோஃபரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் வண்டி ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறியதைப் பார்த்துச் செங்கோடன் கை தட்டினார். “இன்னைக்கு வண்டிக்கு என்னமோ கூடிப்போச்சுங்க அம்மணி. நேத்து இந்த மேட்டுல மொனகிட்டு நின்னுச்சு, இன்னைக்குப் பாருங்க!”

ஹுமேராவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடியும் முன்பே ஏதோ குறைகிறது என்று பட்டது. ஏற்றம் ஏறி முடிந்ததும் அத்தா நீராவியை அடைப்பார். அடைத்த இரண்டு நிமிடத்தில் வால்வு தூக்கும். மூன்று வருடமாக ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ரித்திகா காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். இன்று இரண்டு சுற்று முடிந்தும் அந்தச் சத்தமே வரவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு வண்டி கிளம்பி மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

“ஆசிப், நீ வால்வு தூக்கறதக் கண்ணால பாத்தியா?”

“பாத்தேங்கா. சும்மா பயப்படாத.”

“எத்தன பவுண்டுல?”

அவன் கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டி பாலத்தைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. வளைவு திரும்பி ஏற்றத்துக்கு வந்தது. பாதி ஏற்றத்தில் டக்கென்று நின்றது.

மேலிருந்து ஒரு பாக்கு மட்டை தண்டவாளத்தின் குறுக்கே விழுந்திருந்தது. அக்பர் அலி நீராவியை அடைத்து, பிரேக் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “யாராச்சும் வந்து மட்டைய எடுங்கப்பா” என்று சாதாரணமாகக் குரல் கொடுத்தார்.

ஹுமேரா நடந்தாள். பிறகு ஓடினாள். மட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கேஜைப் பார்த்தாள்.

முள் நூற்று ஐந்தில் நின்றது. நிற்கவும் இல்லை, நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே நெருப்பு வெள்ளையாக எரிய, செலவழிக்க வழியில்லாத நீராவி ஏறிக்கொண்டே இருந்தது. பாய்லருக்கு மேல் இரண்டு வால்வுகளும் ஒரு பொட்டு ஆவிகூட விடாமல் உலர்ந்து கிடந்தன.

“அத்தா” என்றாள், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில். “கேஜப் பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. “வலது ஒண்ணு தூக்கியிருக்கணுமே” என்றார்.

“தூக்கலீங்க அத்தா.”

“இல்ல கண்ணு, வலது தூக்கியே ஆகணும்.”

ஏன் வலது என்று மட்டும் சொல்கிறார் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. இந்தப் பாய்லரைக் குளிர்ந்த தண்ணீர் அடைத்து நூற்றறுபது வரை சோதித்திருந்தார்கள். ஆனால் அது நெருப்பில்லாமல், ஆறு வருடத்துக்கு முன்பு. செம்பு சூடேறினால் எவ்வளவு இளகும் என்று அவளுக்குத் தெரியும். அத்தாவை எழுந்து ஓடச் சொல்ல முடியாது. அவர் கையை எடுத்தால் பிரேக் விட்டுவிடும். பின்னால் சரிவு, சரிவின் முடிவில் வளைவு, வளைவுக்கு அப்பால் வாய்க்கால். ஆறு பிள்ளைகள்.

கத்தினால் பிள்ளைகள் மிரண்டு எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று தெரியாது. அவள் திரும்பி, முகத்தில் வரவழைத்த சிரிப்போடு கையைத் தட்டினாள்.

“எல்லாரும் எறங்குங்க! அங்க தெரியுதல்ல, பெரிய கேட்டு? அத யாரு மொதல்ல தொடறாங்களோ அவங்கதான் அடுத்த ரவுண்டுல மொதப் பெட்டி. ரெடி, ஓடு!”

பரீத் துள்ளிக் குதித்தான். பின்னாலேயே மற்றவர்களும் காலைத் தூக்கி இறங்கிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். ரித்திகா மட்டும் எழுந்து மறுபடி உட்கார்ந்தாள்.

“ஓடு கண்ணு!”

“மாட்டிக்கிச்சுங்க அத்தை.”

பாவாடை ஓரம் இரண்டு பெட்டியை இணைக்கிற கொக்கியில் சிக்கியிருந்தது. ஹுமேரா மண்டியிட்டு இழுத்தாள். பட்டுப் பாவாடை, ஜரிகைக் கரை, கிழிய மறுத்தது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தமே போடாமல் நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொக்கியின் ஆணியை நூலளவு தூக்கி, துணியை உருவி, ஆணியை மறுபடி அமுக்கிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வாரித் தூக்கினாள். பத்து அடி ஓடியிருப்பாள். எதிரே செங்கோடன் வந்தார்.

“என்னாச்சுங்க அம்மணி?”

“பாப்பாவக் கேட்டுப் பக்கம் வுட்டுப்போட்டு, பாக்கு உலர்த்தற களத்துச் செவுத்துக்கு அந்தப் பக்கம் எல்லாரையும் உக்கார வைக்கச் சொல்லுங்க. ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாதுங்க. அப்பறம் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க ஒரு கட்டை வேணும். பெருசா.”

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. பேத்தியை வாங்கிக்கொண்டு, தூரத்தில் எழுந்து நின்ற நிலோஃபரைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

ஹுமேரா திரும்பி வரும்போது ஆசிப் எஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தான். முகத்தில் ரத்தமில்லை. கேஜில் கடைசி எண் நூற்றிருபது. முள் அதையும் தாண்டி, குண்டூசித் தலை மாதிரி இருந்த தடுப்பில் மோதி நின்றது. இனி எவ்வளவு ஏறினாலும் அதற்குக் காட்டத் தெரியாது.

“அத்தா, விசிலை இழுங்க. இழுத்துப் புடிங்க, வுடாதீங்க. ஆசிப், கைப் பம்ப அடி, பச்சத் தண்ணி உள்ள போகட்டும்.”

விசில் அலறியது. அந்தத் தோப்பே அதிர்கிற அலறல். அக்பர் அலி ஒரு கையில் பிரேக்கும் மறு கையில் விசில் கயிறுமாக, நெருப்புக் கதவுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. ஆசிப் குந்தி உட்கார்ந்து பம்ப் அடித்தான். முள் தடுப்பை விட்டு அசையவில்லை.

செங்கோடன் ஒரு பாக்கு மரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஹுமேராவும் அவருமாக அதைக் கடைசிப் பெட்டியின் சக்கரத்துக்குப் பின்னால் அடைத்தார்கள். வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்து, கட்டையில் முட்டி நின்றது.

“அத்தா, எறங்குங்க!”

“விசில யாரு புடிக்கறது?”

அவள் துப்பட்டாவை உருவி விசில் கயிற்றை ஓட்டுநர் பெட்டியின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். அவர் எழப் பார்த்தார். மடக்கி உட்கார்ந்திருந்த கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. ஆசிப் பம்பை விட்டுவிட்டு அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு போனான்.

அப்போது பாய்லருக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. விசில் அலறலுக்கு நடுவிலும் எல்லோருக்கும் கேட்டது. செங்கோடன் கட்டையைப் பிடித்தபடியே உறைந்து நின்றார்.

“நீங்க போங்க, மாமா” என்றாள் ஹுமேரா.

“நீங்க?”

“நெருப்ப எறக்காம வந்தா இது நிக்காதுங்க.”

நெருப்பு எரிகிற கம்பிச் சட்டத்தை அடியில் ஒரே ஒரு ஆணிதான் தாங்கும். அதை உருவினால் சட்டமும் தணலும் தரையில் விழுந்துவிடும். அவள் தரையில் ஒருக்களித்துப் படுத்து, குறடால் ஆணியின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சூட்டில் இறுகியிருந்தது. திரும்பி வந்த ஆசிப் சுத்தியலை எடுத்தான்.

“அடிக்காத! இப்ப இதுல ஒரு தட்டுத் தட்டக்கூடாது.”

“அப்பறம் எப்படி?”

“திருகி எடுக்கறேன். நீ போ.”

அவன் போகவில்லை. சட்டத்தைக் கீழிருந்து ஒரு கம்பியால் லேசாகத் தூக்கிப் பிடித்தான். ஆணியின் மேல் இருந்த பாரம் குறைந்தது. அவள் குறடை இடமும் வலமுமாகத் திருகினாள். கன்னத்தில் அனல் அடித்தது, முடி கருகுகிற நாற்றம் வந்தது. ஆணி ஒரு நெல்லளவு நகர்ந்தது. இன்னொரு நெல்லளவு. பிறகு ஒரேயடியாகக் கையோடு வந்துவிட்டது.

தணல் மொத்தமும் கொட்டியது. இரண்டு பேரும் உருண்டு எழுந்து ஓடினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த காய்ந்த சருகு பற்றிக்கொண்டது. செங்கோடன் வாய்க்காலிலிருந்து குடத்தில் மொண்டு வந்து, தூரத்திலிருந்தே வீசி வீசி ஊற்றினார். அவரையும் இழுத்துக்கொண்டு எல்லோரும் பாக்கு உலர்த்தும் களத்துச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

விசில் இருபது நிமிடம் கத்தியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கி, முனகலாகி, நின்றது. நிலோஃபர் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியை இறக்கவில்லை.

சாயங்காலம் பாய்லர் கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் ஹுமேரா ஸ்பேனரோடு அதன் முன் குனிந்தாள். அக்பர் அலியும் ஆசிப்பும் பக்கத்தில் நின்றார்கள். வலது வால்வின் பூட்டு நட்டில் ஸ்பேனர் உரசிய புதுப் பளபளப்பு இருந்தது. அதைத் தளர்த்தி உள் திருகை முறுக்கினால் வால்வு எளிதில் தூக்காது.

“எத்தன சுத்து முறுக்குன?” என்று கேட்டாள், தம்பியைப் பார்க்காமல்.

ஆசிப் தரையைப் பார்த்தான். “அரைச் சுத்துக்கா. காலைல எழுவத்தஞ்சுலயே அது வடிய ஆரம்பிச்சிருச்சு. நேத்து மாதிரி மேட்டுல நின்னா பிள்ளைங்க ஏமாந்துருமேன்னு… உங்கிட்டச் சொன்னா கழட்டிப் போட்டு இன்னைக்கு ஓட்டம் இல்லேம்ப. வலது மட்டும்தான். எப்படியும் இடது எண்பதுல தூக்கும்னு நெனச்சேன். இடத நான் தொடவே இல்ல. சத்தியமா.”

“இடதும் முறுக்கியிருக்கு” என்றாள் ஹுமேரா. “ஒண்ணே முக்கால் சுத்து.”

“நான் இல்லக்கா!”

“பொய் சொல்லாத ஆசிப். உள்ள ஆறு பிள்ளைங்க…”

“இடது நான்” என்றார் அக்பர் அலி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் ஒரு பாக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விசில் கயிறு அறுத்த கோடு உள்ளங்கையில் சிவந்து கிடந்தது.

“நேத்துச் சாயங்காலம் அதுதான் எழுவதுலயே ஒழுகிட்டு இருந்துச்சு. அதனாலதான் மேடு ஏறல. நல்லா இறுக்கி வெச்சுட்டேன். வலதுதான் இருக்குதேன்னு வுட்டுட்டேன். பேரன் நாலு வருசங்கழிச்சு வந்திருக்கான், அவன் முன்னால வண்டி நிக்கக்கூடாதுன்னு…”

ஆசிப் மெதுவாக உட்கார்ந்தான். ஒருவர் மூடிய வால்வுக்கு மற்றது காவல் என்று இருவருமே நம்பியிருந்தார்கள். ஹுமேராவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. முப்பது வருடமாகச் சேர்ந்து செய்த இரண்டு பேரும் தனக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்கள், அதுவும் அவள் தடுத்துவிடுவாள் என்பதற்காகவே. கத்த வாயெடுத்தபோது பையில் இருந்த நோட்டு ஞாபகம் வந்தது. எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்து இருவர் முன்னாலும் வைத்தாள்.

“சரின்னு எழுதியிருக்கேன் பாருங்க. நான் பாக்கவே இல்ல.”

மூன்று பேரும் அந்தக் கையெழுத்தையே பார்த்தார்கள்.

செங்கோடன் வீட்டுக்குள் காப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். “வுடுங்க பாய். மெசின்னா நாலும் இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே, அதப் பாருங்க” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் அப்படியே நம்பியிருப்பார். அக்பர் அலி மகளைப் பார்த்தார். அவள் நோட்டை மூடவில்லை.

“மெசின் இல்லீங்க” என்றார் அவர். “நாங்க பண்ணுனது.” இடது, வலது, நோட்டு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். யார் பெயரையும் மறைக்கவில்லை.

செங்கோடன் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் இறுகிக்கொண்டே வந்தது. “என்ற பேத்தி பாய் அது” என்றார் கடைசியில். “ஒரே பேத்தி.” கேட்டு வரை போய்த் திரும்பி வந்தார். “தண்டவாளம் கெடக்கட்டும், பேத்தெடுக்கச் சொல்லல. ஆனா நானாக் கூப்புடற வரைக்கும் வண்டி இங்க வரக்கூடாதுங்க.”

கோயமுத்தூருக்குத் திரும்புகிற வழியில், காரமடை தாண்டும்போது ஆசிப் மனைவியிடம் நடந்ததைத் தானாகவே சொன்னான். நிலோஃபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எம்பிள்ளைய ஏத்தி வுட்டுட்டுப் பக்கத்துல நின்னு கை காட்டுனீங்களே” என்று மட்டும் சொன்னாள். ஊருக்குக் கிளம்பும் வரை அவள் பட்டறைப் பக்கமே வரவில்லை.

ஆசிப் போவதற்கு முந்தின நாள் மூவருமாகப் பாய்லரை ரம்பத்தால் அறுத்துப் பிளந்தார்கள். நெருப்புப் பெட்டியின் பக்கத் தகடு உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்திருந்தது. தகடுகளைத் தாங்கிப் பிடிக்கிற ஆணிகளில் இரண்டு நடுவில் துண்டாகியிருந்தன. அந்த ‘டக்’ ஒரு சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் ஆணிகள் இரண்டு. மூன்றாவதாக ஒன்று போயிருந்தால் வரிசையாக எல்லாம் போயிருக்கும். அக்பர் அலி புடைப்பின் மேல் விரலை ஓட்டினார். பிறகு கீழே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது பிள்ளைகள் பார்த்ததில்லை.

நான்கு மாதம் அறுத்த பாய்லரை யாரும் தொடவில்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுமேரா பட்டறைக்கு வந்தபோது அவர் செம்புத் தகட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். “செய்யலாமா?” என்று கேட்டார், பிள்ளை கேட்கிற மாதிரி.

“செய்யலாம். ஆனா வால்வ நாம யாரும் செட் பண்ணக்கூடாதுங்க அத்தா.”

மில்லில் முப்பது வருடம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்ற நரசிம்மலு என்பவரை அவள் தேடிப் பிடித்தாள். அவர் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வூட்டு ஆளுங்க கையெழுத்து இனி செல்லாதுங்க” என்றார். புதுப் பாய்லரைத் தண்ணீர் அடைத்து அரை மணி நேரம் நூற்றறுபதில் நிறுத்தி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வால்வுகளைத் தானே செட் செய்து, கம்பி கோத்து ஈய முத்திரை வைத்தார். ஆசிப் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பரில் செங்கோடன் போன் செய்தார். “பாய், மழையில தண்டவாளத்துல புல்லு மண்டிப்போச்சுங்க. வந்து பாக்கறீங்களா?” என்றார்.

டிசம்பரில் ஆசிப் குடும்பம் வந்தது. நிலோஃபர் தோப்புக்கு வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். கேட்டுக்குப் பக்கத்திலேயே பரீத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹுமேரா எஞ்சினைக் கொதிக்க வைத்தாள். எண்பதில் இடது வால்வு தூக்கியது. அதைப் பிடித்து அடக்கி வைத்தபோது எண்பத்தைந்தில் வலது தூக்கியது. இரண்டு தடவை. மூன்று தடவை.

ஹுமேரா ஓட்டுநர் பெட்டியில் உட்கார்ந்தாள். அக்பர் அலி முன்பே சொல்லிவிட்டார், ஆள் ஏறினால் தான் ஓட்ட மாட்டேன் என்று. வெறும் பெட்டிகளோடு இரண்டு சுற்று ஓட்டிவிட்டு ஸ்டேஷனில் நிறுத்தினாள்.

நிலோஃபர் பரீத்தை ஜன்னத்திடம் விட்டுவிட்டு நடந்து வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முதல் பெட்டியில், ஹுமேராவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

“போங்க மைனி” என்றாள்.

ஹுமேரா நீராவியைத் திறந்தாள். வண்டி மரங்களுக்குள் இறங்கி, பாலத்தைத் தாண்டி, வளைவு திரும்பியது. ஏற்றத்தில் நிலோஃபரின் இரண்டு கைகளும் அவள் தோளைப் பற்றின. நகம் பதிகிற பிடி. மேலே வந்து நின்றதும் வால்வு தூக்கிப் புஸ்ஸென்று வெள்ளையாக அடித்தது. கைகள் ஒரு முறை உதறி, பிறகு தளர்ந்தன.

நிலோஃபர் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். தூரத்தில் பரீத் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிள்ளைய இந்த வருசம் ஏத்த மாட்டேன்” என்றாள் நிலோஃபர். “இன்னும் முடியல எனக்கு.”

“சரி” என்றாள் ஹுமேரா.

“ஆனா ஒண்ணு, அவன் கிட்டக்க வந்து பாக்கட்டும். எண்பதுக்கும் எண்பத்தஞ்சுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லிக் குடுங்க.” கேட்டுப் பக்கம் திரும்பி, “பரீத், வா” என்று கூப்பிட்டாள்.